படி ஏறினது கஷ்டம், நோ வந்தது இறங்கினதால்

கேள்வி: எனக்கு 54 வயது. வெள்ளவத்தையில் ஏழாம் மாடியில் இருக்கிறோம். போன மாதம் லிஃப்ட் பழுதாகி ஐந்து நாட்கள் படியால்தான் போய் வந்தேன். ஏறும்போது மூச்சு வாங்கியது, இறங்கும்போது ஒரு கஷ்டமும் தெரியவில்லை. ஆனால் மூன்றாம் நாள் காலையில் கதிரையில் இருந்து எழும்ப முடியாத அளவுக்குத் தொடை நோ. அது போதாதென்று இரவில் கெண்டைக்கால் நரம்பு பிடித்துக்கொண்டு கத்தவே வேண்டியதாகிவிட்டது. மகன் ஏ.எல். பயோ படிக்கிறான். "நீங்க இறங்கினதாலதான் அம்மா" என்கிறான், அக்டின், மயோசின் என்று என்னென்னவோ சொல்கிறான், ஒன்றும் விளங்கவில்லை. இறங்குவதில் அப்படி என்ன வேலை இருக்கிறது? தசை உள்ளுக்குள் எப்படித்தான் இயங்குகிறது? இந்தப் பிடிப்புக்குத் தெம்பிலி குடித்தால் போதுமா?
– வெள்ளவத்தை வாசகி

பதில்:

அக்கா, மகன் சொன்னது சரி. நான் பிசியோதெரபிஸ்ட், இதையெல்லாம் படித்துப் பரீட்சையும் எழுதியவள், ஆனால் இது உண்மையில் எனக்கு விளங்கினது சிவனொளிபாத மலைக்குப் போய் வந்த பிறகுதான். இரவிரவாக ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் ஏறி, விடிய சூரியனைப் பார்த்துவிட்டு, பாட்டும் சிரிப்புமாக இறங்கி வந்தேன். அடுத்த நாள் பரவாயில்லை. அதற்கடுத்த நாள் டொய்லெட்டில் உட்காருவதற்குச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது, அன்றைக்கு என்னிடம் சிகிச்சைக்கு வந்தவர்களை விட நான்தான் மோசமாக நொண்டிக்கொண்டிருந்தேன்.

தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால்தான் கையை மடக்க ஒரு தசை, நீட்ட எதிர்ப்பக்கத்தில் இன்னொரு தசை என்று சோடி சோடியாக வைத்திருக்கிறது. இழுக்கிறது என்றால் எல்லோருக்கும் விளங்கும். பிடித்ததை விடுவதும் தசைக்கு ஒரு வேலைதான், அதற்கும் செலவு இருக்கிறது என்பதுதான் ஒருவருக்கும் தெரிவதில்லை. உங்களுடைய தொடை நோவும் சரி, கெண்டைக்கால் பிடிப்பும் சரி, இரண்டுமே இந்த விடுகிற பக்கத்துச் சங்கதிகள்.

தசை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க உங்கள் குசினியே போதும். ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறி சமைத்தால், நன்றாக வெந்த நெஞ்சுத் துண்டொன்றை எடுத்து விரலால் பிய்த்துப் பாருங்கள். நூல் நூலாக வரும், ஒரு திசையில்தான் பிரியும். அந்த ஒவ்வொரு நூலும் ஒரு கட்டு. அதற்குள் தசைநார்கள் கட்டுக் கட்டாக இருக்கின்றன, ஒரு தசைநார் என்பது ஒரே ஒரு கலம். கலம் என்றதும் குட்டி உருண்டை என்று நினைக்காதீர்கள். இது தலைமயிர் அளவோ அதை விட மெல்லியதோ ஆன, ஆனால் சில அங்குலங்கள் கூட நீளக்கூடிய கலம், இத்தனை நீளமான ஒன்றை ஒரு கரு மேய்க்க முடியாததால் நூற்றுக்கணக்கான கருக்களை வைத்திருக்கிறது. பச்சை இறைச்சியை வெட்டும்போது மேலே ஒரு வெள்ளைச் சவ்வு இருக்குமே, அது மாதிரி ஒவ்வொரு கட்டுக்கும் ஒவ்வொரு நாருக்கும் கூட உறை இருக்கிறது. இந்த உறைகள் எல்லாம் தசையின் நுனியில் ஒன்றாகத் திரண்டுதான் எலும்பில் கட்டும் நாணாகின்றன. குதிக்காலுக்கு மேலே கயிறு மாதிரி ஒன்றைத் தொட்டுப் பார்க்கலாமே, அதுதான் உங்கள் கெண்டைக்கால் தசையின் நாண்.

ஒரு நாருக்குள்ளே இன்னும் மெல்லிய இழைக்கட்டுகள் நெடுக ஓடுகின்றன. அவற்றைக் குறுக்கே குறுக்கே கூறு போட்டு வைத்திருக்கிறது, அந்த ஒவ்வொரு கூறையும்தான் மகன் சார்கோமியர் என்று சொல்லியிருப்பான். ஒன்றின் நீளம் ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறைய நானூறில் ஒரு பங்கு. ஒரு சென்ரிமீற்றர் தசையில் நாலாயிரம் அளவுக்கு ரயில் பெட்டி மாதிரி வரிசையாகக் கோத்திருக்கிறது. ஒவ்வொரு பெட்டியும் துளியளவுதான் சுருங்கும், ஆனால் நாலாயிரமும் ஒரே நேரத்தில் சுருங்கினால் கால் நகர்ந்துவிடும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது? தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் கொண்டு வாருங்கள். ஒரு கை விரல்களை மற்றக் கை விரல்களுக்கு இடையில் நுனி மட்டும் செருகுங்கள். இப்போது இன்னும் உள்ளே தள்ளுங்கள். முழங்கைகள் கிட்ட வருகின்றன, ஆனால் விரல் ஒன்றாவது கட்டையாகிவிட்டதா? இல்லை. தசையும் அப்படித்தான் சுருங்குகிறது. மயோசின் என்கிற தடித்த இழைகளும் அக்டின் என்கிற மெல்லிய இழைகளும் ஒன்றுக்கிடையில் ஒன்று வழுக்கி உள்ளே போகின்றன, எதுவுமே கட்டையாவதில்லை. இதைக் கண்டுபிடிக்க முன்னால் பலரும் அந்தப் புரதங்கள் றப்பர் மாதிரியோ ஸ்பிரிங் மாதிரியோ தாங்களே மடிந்து சுருங்குவதாகத்தான் நினைத்திருந்தார்கள். 1954 மே மாதம் நேச்சர் சஞ்சிகையின் ஒரே இதழில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இந்த வழுக்கும் கதையை எழுதின. ஒன்றில் அன்ட்ரூ ஹக்ஸ்லியும் றோல்ஃப் நீடர்கெர்கேயும், மற்றதில் ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும். இரண்டு ஹக்ஸ்லிமாரும் சொந்தக்காரர்கள் இல்லை. இதை மகனிடம் கேட்டுப் பாருங்கள், அண்ணன் தம்பி என்றுதான் சொல்வான். நானும் கன காலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, வழுக்க வைப்பது யார்? தடித்த இழையில் இருந்து நூற்றுக்கணக்கான குட்டித் தலைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு தலையும் பக்கத்து மெல்லிய இழையைப் பிடிக்கும், கழுத்தை மடக்கி ஒரு இழுவை இழுக்கும், விடும், கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி பிடிக்கும். ஊரில் கிணற்றில் தண்ணீர் அள்ளியிருப்பீர்கள்தானே? ஒரு கை கயிற்றைப் பிடித்திருக்க மற்றக் கை முன்னால் போய்ப் பிடிக்கும், இரண்டு கையையும் ஒரே நேரத்தில் விட்டால் வாளி கீழே போய்விடும். தலைகளும் அப்படித்தான், சில பிடித்திருக்கும்போது சில விட்டுவிட்டு முன்னே போகும். ஒரு இழுவையின் தூரம் ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஐந்து முதல் பத்துப் பங்கு. நீங்கள் ஒரு படி ஏற, இந்தக் கைமாற்று எத்தனை கோடி தடவை நடக்கிறது என்று நான் கணக்குப் பார்க்கப் போனதில்லை.

ஏ.டி.பி. என்கிற எரிபொருள் இதில் எங்கே செலவாகிறது என்பதில்தான் பிள்ளைகள் பரீட்சையில் குழம்புவார்கள். இழுக்கும் அந்தக் கணத்தில் செலவாகிறது என்று நினைப்போம். அப்படியில்லை. ஒரு புது ஏ.டி.பி. வந்து தலையில் ஒட்டினால்தான் தலை பிடியையே விடும். விட்ட பிறகு அந்த ஏ.டி.பி. உடைந்து, எலிப்பொறியை இழுத்துக் கொளுவி வைப்பது மாதிரித் தலையைப் பின்னால் வளைத்து ஆயத்தமாக வைக்கிறது. அடுத்த முறை பிடித்ததும் பொறி தட்டுப்படும், இழுவை நடக்கும். அதன் பிறகு அடுத்த ஏ.டி.பி. வரும்வரைக்கும் தலை பிடித்தபடியே நிற்கும்.

வரவேயில்லை என்றால்? இதற்கும் நீங்கள் பதில் பார்த்திருக்கிறீர்கள். சந்தையில் மீன் வாங்கும்போது தலையைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பீர்கள், வளையாமல் விறைத்து நின்றால் புது மீன். செத்த உடம்பில் ஏ.டி.பி. தீர்ந்துவிட்டது, பிடித்த தலைகளை விடுவிக்க ஒன்றும் இல்லை, அதுதான் அந்த விறைப்பு. செத்த வீட்டிலும் அதே விறைப்புத்தான். பிறகு நேரம் போகப் போகப் புரதங்களே சிதையத் தொடங்கும், மீன் துவண்டுபோகும், மீன்காரர் விலையைக் குறைப்பார்.

மீன் கடையில் நிற்கும்போதே இன்னொன்றையும் பாருங்கள். சூரை மீனைக் குறுக்கே வெட்டினால் பக்கவாட்டில் கறுப்புச் சிவப்பாக ஒரு பட்டி தெரியும். அது நாள் முழுக்கச் சளைக்காமல் நீந்துவதற்கான மெதுவான தசை, ஒட்சிசன் பிடித்து வைக்கும் சிவப்புப் புரதம் நிறைந்தது. மற்றது திடீர்ப் பாய்ச்சலுக்கு. கோழிக்கால் கறுப்பாகவும் நெஞ்சு வெள்ளையாகவும் இருப்பதும் இதே கதைதான். எங்கள் தசைகளில் இரண்டும் கலந்து இருக்கின்றன.

இப்போது மேலிருந்து கட்டளை வரும் வழி. மூளையும் முள்ளந்தண்டும் அனுப்புகிற மின் துடிப்பு நரம்பு வழியாக வந்து, நரம்பின் நுனியில் அசற்றைல்கோலின் என்கிற இரசாயனமாக மாறித் தசைநாரைத் தட்டுகிறது. நாரின் தோலில் மின்சாரம் ஓடி உள்ளே இறங்குகிறது, உள்ளே பைகளில் அடைத்து வைத்திருந்த கல்சியம் குபுக்கென்று வெளியே வருகிறது. சும்மா இருக்கும்போது மெல்லிய இழையில் தலைகள் பிடிக்க வேண்டிய இடங்களை ஒரு புரதக் கயிறு மூடிக்கொண்டிருக்கும். கல்சியம் வந்து ட்ரோபோனின் என்கிற பூட்டில் ஒட்டினதும் அந்தக் கயிறு நகர்ந்து வழி விடும், தலைகள் பாய்ந்து பிடித்துக்கொள்ளும். ஒரு நரம்புக் கலத்தின் கட்டளையில் கெண்டைக்கால் மாதிரிப் பெரிய தசையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நார்கள் ஒன்றாக இயங்கும். கண்ணை அசைக்கிற தசைகளில் மிகக் கொஞ்ச நார்கள்தான், அதனால்தான் கண் அவ்வளவு நுணுக்கமாக அசைகிறது.

கட்டளை நின்றதும் தசை தானாகத் தளரும் என்று நினைப்போம். தானாக இல்லை. சிந்தின கல்சியத்தை எல்லாம் திருப்பிப் பைகளுக்குள் பம்ப் பண்ண வேண்டும், ஒவ்வொரு இரண்டு கல்சியத்துக்கும் ஒரு ஏ.டி.பி. கட்டணம். நான் சொன்ன விடுகிற செலவு இதுதான், தலையை விடுவிக்க ஒன்று, கல்சியத்தை அள்ள இன்னொன்று.

இனி உங்கள் ஏழு மாடிக்கு வருவோம். ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உங்களை மேலே தூக்குகிறது, அது விளங்கும். இறங்கும்போது? அதே முன்தொடைத் தசைதான் வேலை செய்கிறது, பிடித்துக்கொண்டே நீள்கிறது. பிடிக்காவிட்டால் முழங்கால் மடிந்து விழுந்துவிடுவீர்கள். நிரம்பிய வாளியைக் கிணற்றில் மெதுவாகக் கீழே விடுவது போல, கயிறு கையை உரசிக்கொண்டு போகும், ஆனால் விட்டுவிடக் கூடாது. தலைகள் தாங்களாக விட முன்பே பாரம் அவற்றைப் பிய்த்து எடுக்கிறது. அப்படிப் பிய்ந்தால் ஏ.டி.பி. செலவு குறைவு, அதனால்தான் மூச்சு வாங்கவில்லை, சுகமாக இருந்தது. இன்னொன்று, நீளும் தசை சுருங்கும் தசையை விடக் கூடுதல் பாரம் தாங்கும், எனவே உடம்பு சிக்கனம் பார்த்துக் குறைந்த நார்களையே கூப்பிடுகிறது. கொஞ்சப் பேர் தலையில் நிறையப் பாரம். சில சார்கோமியர்கள் அளவுக்கு மீறி இழுபட்டுக் குலைந்துபோகின்றன, நுண்ணிய சேதம், அதைத் திருத்த உடம்பு ஆட்களை அனுப்புகிறது, வீக்கம், நோ. அந்தத் திருத்த வேலைக்கு நேரம் எடுப்பதால்தான் நோ உடனே வராமல் ஒன்று தொடக்கம் மூன்று நாட்களுக்குள் உச்சத்துக்கு வருகிறது.

"லக்டிக் அசிட் சேர்ந்துவிட்டது" என்று ஜிம்மில் சொல்வதை நம்பாதீர்கள். அது ஒரு மணித்தியாலம் அளவில் இரத்தத்தில் இருந்து கழுவுப்பட்டுப் போய்விடும், மூன்றாம் நாள் வரைக்கும் உங்கள் தொடையில் குந்திக்கொண்டிருக்காது. நல்ல செய்தி என்னவென்றால் திருத்தின தசை கொஞ்சம் கெட்டியாகத் திருத்தப்படுகிறது. இன்னும் சில கிழமைகளுக்குள் லிஃப்ட் மறுபடி பழுதானால் (ஆகும், அந்தப் பக்கத்து லிஃப்ட்களை எனக்குத் தெரியும்) இதே படிகள் இவ்வளவு நோகாது.

கெண்டைக்காலுக்கு வருகிறேன். "நரம்பு பிடித்துவிட்டது" என்று நாங்கள் சொல்வதைப் பார்த்து டொக்டர்மார் சிரிப்பார்கள், பிடிப்பது தசை என்று. ஆனால் எங்கள் ஆட்கள் சொல்வது பாதி சரி. பிடிப்பு வந்த தசையில் மின்பதிவு எடுத்துப் பார்த்தால் நரம்புதான் நிறுத்தாமல் வேகமாகத் துடிப்புகளை அனுப்பிக்கொண்டிருக்கும், தசை பாவம், கட்டளை வருகிற வரைக்கும் பிடித்துக்கொண்டிருக்கிறது. மீனின் விறைப்பு மாதிரி இதில் ஏ.டி.பி. தீர்ந்துபோகவில்லை, இதையும் அதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். படுக்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து கெண்டைக்கால் ஏற்கெனவே கட்டையாகிக் கிடக்கும், களைத்த தசை வேறு, அந்த நிலையில் நரம்பு இலகுவாகக் கிளம்பிவிடுகிறது.

பிடித்தால் தேய்த்துக்கொண்டு கத்த வேண்டாம். முழங்காலை நீட்டி, பெருவிரலைப் பிடித்துப் பாதத்தை முகத்தை நோக்கி இழுங்கள். எட்டவில்லையென்றால் துவாயொன்றைப் பாதத்தில் போட்டு இழுக்கலாம், அல்லது எழும்பிச் சுவரில் கை வைத்துக் குதி நிலத்தில் படும்படி முன்னால் சாயலாம். நீட்டும்போது நாணில் இருக்கும் உணரிகள் நரம்பை அடக்குகின்றன, அரை நிமிடத்தில் விடும். இதே சுவர்ச் சாய்தலைப் படுக்கப் போக முன் ஒவ்வொரு காலுக்கும் இரண்டு மூன்று தடவை செய்து பாருங்கள். தைலம் பூசுவதில் தவறில்லை, தோலுக்குச் சூடு தெரியும், ஆறுதலாக இருக்கும், அவ்வளவுதான்.

தெம்பிலி குடியுங்கள், நல்லது, ஆனால் மருந்தென்று நினைத்துக் குடிக்க வேண்டாம். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் அதில் பொட்டாசியம் இருப்பதால் டொக்டரைக் கேட்காமல் குடிக்கவே கூடாது. மக்னீசியம் குளிசை வயதானவர்களின் இரவுப் பிடிப்புக்குப் பெரிய பலன் தருவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. முந்தி குயினைன் கொடுப்பார்கள், பக்கவிளைவுகள் பயங்கரம் என்பதால் இப்போது இதற்காக அதைக் கொடுப்பது நல்லதல்ல என்கிறார்கள். யாராவது வீட்டில் மிச்சம் இருக்கிறது என்று தந்தால் வாங்காதீர்கள்.

மூன்று விஷயங்களில் மட்டும் என் பதிலைக் காத்துக்கொண்டிருக்காமல் டொக்டரிடம் போக வேண்டும். நோவோடு சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, தசை மோசமாகச் சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கப் பார்க்கிறது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக, நோ விடாமல் இருந்தால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம், அதற்கும் அன்றைக்கே. மற்றது, கொலஸ்ட்ரோல் குளிசை எடுக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. எடுத்தால், தசை நோ அதனாலும் வரலாம், டொக்டரிடம் சொல்லுங்கள், ஆனால் நீங்களாகவே நிறுத்த வேண்டாம்.

அது தவிர உங்களுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. இந்த வயதில் தசை மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு வருகிறது, அதைப் பிடித்து வைக்க இறங்குகிற வேலையைப் போல மலிவான பயிற்சி வேறு இல்லை. கதிரையில் தொப்பென்று விழாமல் நாலு எண்ணி மெதுவாக உட்காருங்கள், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. லிஃப்ட் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாமல், சந்தைக்குப் போகும்போது ஏழாம் மாடியில் இருந்து ஐந்தாம் மாடி வரைக்கும் கைபிடியைப் பிடித்துக்கொண்டு ஆறுதலாகப் படியால் இறங்கி, அங்கே லிஃப்டைப் பிடியுங்கள். இரண்டு கிழமை போனதும் நாலாம் மாடி வரைக்கும் இறங்கலாம்.